பட்டன் கத்தி செய்வதை கம்பெனிகள் ஏன் நிறுத்திவிடுகின்றன?

தோப்புக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு, நடை எல்லாம் திரும்பிவிட்டது, இடது கை மட்டும் திரும்பவே இல்லை. ஆனாலும் விடிந்தால் வாழைத்தோப்புக்குப் போகாமல் இருக்க மாட்டார். சருகு அறுக்க, கயிறு வெட்ட, இலை நறுக்க என்று மடியில் எப்போதும் ஒரு மடக்குக்கத்தி இருக்கும். இப்போது அதைப் பல்லால் கடித்து இழுத்து விரிக்கிறார். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது.

சரி, பட்டனை அழுத்தினால் தானாக விரியும் கத்தி ஒன்று வாங்கித் தரலாம் என்று தேட ஆரம்பித்தேன். அமெரிக்கக் கத்திகளைப் பற்றி யூடியூபில் மலைபோல வீடியோக்கள் கிடக்கின்றன. ஆனால் எனக்குப் பிடித்த மாடலைத் தேடிப் போனால் பாதிக்குப் பாதி தயாரிப்பு நிறுத்தப்பட்டது என்றே வருகிறது. பல கம்பெனிகளின் பட்டியலில் சாதாரண மடக்குக்கத்தி பத்து இருந்தால் பட்டன் கத்தி ஒன்றோ இரண்டோதான், அதுவும் விலை அதிகம். இவ்வளவு வசதியான பொருளை ஏன் நிறுத்துகிறார்கள்? தரப் பிரச்சினையா, சட்டமா, இல்லை வாங்கவே ஆள் இல்லையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆரிகன்வாசி:

தம்பி, முதல் காரணம் சட்டம்தான். நான் அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லேண்டில் 18 வருடமாக இருக்கிறேன், கத்தி சேகரிப்பது எனக்குப் பழைய பழக்கம், அதனால் இந்தக் கதையைச் சொல்லாமல் போக மனசு வராது.

அமெரிக்காவில் பட்டன் கத்தியைப் பெரிய அளவில் செய்யத் தொடங்கியவர் ஜார்ஜ் ஷ்ரேட். நியூயார்க் மாநிலத்தில் வால்டன் என்ற சின்ன ஊரில் 1890களிலேயே ஆரம்பித்தார். 1904ல் சகோதரர்களோடு சேர்ந்து ஷ்ரேட் கட்லரி கம்பெனி வந்தது. அப்போது இது ரவுடிகளின் பொருளே இல்லை. விவசாயி, தச்சர், தையல் வேலை செய்யும் பெண்கள் எல்லோருக்கும் விற்ற சாதாரண பேனாக்கத்தி. நகத்தை உடைத்துக்கொள்ளாமல் திறக்கலாம் என்பதுதான் அதன் பெருமை. இரண்டாம் உலகப் போரில் பாராசூட் வீரர்களுக்கு எம் 2 என்ற பட்டன் கத்தியைக் கொடுத்தார்கள். குதித்தவன் மரத்தில் மாட்டிக்கொண்டால் ஒரு கையால் கயிற்றை அறுக்க வேண்டும் இல்லையா, அதற்காக. சட்டைக் கழுத்துக்குக் கீழே அதற்கென்றே ஜிப் வைத்த ஒரு பை இருந்தது. உங்கள் அப்பாவுக்கு என்ன தேவையோ அதே தேவைதான் அவர்களுக்கும்.

1950களில் நிலைமை மாறியது. பத்திரிகைகளிலும் சினிமாவிலும் தெருச் சண்டைப் பையன்கள் கையில் எல்லாம் இந்தக் கத்தி. 1954ல் நியூயார்க் மாநிலம் தடை போட்டது. 1958 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டமே வந்துவிட்டது: ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வியாபாரமாக அனுப்பக் கூடாது, அதற்காகத் தயாரிக்கவும் கூடாது, வெளிநாட்டிலிருந்து இறக்கவும் கூடாது, மீறினால் ஐந்து வருடம் வரை சிறை. அந்தச் சமயத்தில் இரண்டே கம்பெனிகள் சேர்ந்து வருடத்துக்கு 10 லட்சத்துக்கு மேல் செய்துகொண்டிருந்ததாக செனட் குழுவின் அறிக்கையிலேயே இருக்கிறது. இன்னொரு விஷயம், இந்த மசோதாவை சிபாரிசு செய்ய முடியாது என்று நீதித்துறை அமைச்சகமே எழுதிக் கொடுத்தது. அப்படியும் நிறைவேறியது. யோசித்துப் பாருங்கள், சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்றுக்கொண்டு எந்தத் தொழிற்சாலை ஓடும்? கத்தியில் குறை இருந்ததால் யாரும் நிறுத்தவில்லை, சந்தையைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டதால் நிறுத்தினார்கள்.

விதிவிலக்கு சில உண்டு. ராணுவ ஒப்பந்தத்துக்குச் செய்யலாம். விமானிகளுக்கு எம்சி 1 என்று ஆரஞ்சு நிறப் பிடி போட்ட பட்டன் கத்தி அப்படித்தான் ரொம்ப காலம் வந்தது. இன்னொன்று உங்களுக்கு முக்கியம்: ஒரு கை மட்டும் உள்ளவர், மூன்று அங்குலம் அல்லது அதற்குக் குறைந்த அலகுள்ள பட்டன் கத்தியைத் தன்னோடு வைத்துக்கொள்ளலாம் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 1958ல் யாரோ ஒருவர் உங்கள் அப்பா மாதிரி ஆளை நினைத்திருக்கிறார்.

இங்கே ஆரிகனில் 1984ல் மாநில உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் தடையை ரத்து செய்தது. மறைத்து எடுத்துப் போகத்தான் கூடாது. பெரிய கத்திக் கம்பெனிகள் பல இந்தப் பக்கம் இருந்துகொண்டு பட்டன் கத்தியும் செய்ய அது ஒரு தைரியம் கொடுத்தது. ஆனால் கலிபோர்னியாவில் அலகு இரண்டு அங்குலத்துக்குள் இருந்தால்தான் பையில் வைத்துக்கொள்ள முடியும், அதனால் அந்த மாநிலத்துக்கென்றே ஒரு குட்டி மாடல் செய்யும் கம்பெனிகள் உண்டு. இப்படி மாடலைப் பிரித்துக்கொண்டே போனால் ஒவ்வொன்றும் கொஞ்சமாகத்தான் விற்கும். கொஞ்சமாக விற்கும் மாடலைத்தான் முதலில் கைவிடுவார்கள்.

அப்புறம் 1998ல் கெர்ஷா கம்பெனி கென் ஆனியன் என்ற கலைஞரின் ஸ்பீட்சேஃப் அமைப்பைக் கொண்டுவந்தது. இதில் பட்டன் கிடையாது. கட்டை விரலால் அலகைக் கொஞ்சம் தள்ள வேண்டும், அதுவரை ஸ்பிரிங் மூடும் பக்கமே இழுக்கும், ஒரு கட்டம் தாண்டினால் அதே ஸ்பிரிங் விரித்துவிடும். விரியும் வேகம் கிட்டத்தட்ட ஒன்றுதான். 2009ல் சுங்கத்துறை இதையும் பட்டன் கத்தியாகக் கணக்கில் சேர்க்கப் பார்த்தபோது நாடாளுமன்றமே சட்டத்தைத் திருத்தி, மூடும் பக்கம் இழுக்கும் கத்திக்குத் தடை இல்லை என்று தெளிவாக்கிவிட்டது. அதற்கு மேல் ஒரு கம்பெனி முதலாளி என்ன செய்வார்? எல்லா மாநிலத்துக்கும் பயமில்லாமல் அனுப்பக்கூடியதைச் செய்வாரா, வக்கீலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டன் கத்தி செய்வாரா?

டூல்ரூம் பாலு:

மேலே சொன்னவர் சட்டத்தை நன்றாகச் சொல்லிவிட்டார், ஆனால் கத்தியில் குறையே இல்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோயம்புத்தூரில் 30 வருடம் டூல்ரூம் வேலை பார்த்தவன் நான். வெளிநாட்டிலிருந்து நண்பர் கொண்டுவந்த பட்டன் கத்தி ஒன்றை ரிப்பேர் பார்த்திருக்கிறேன். அது அவர் பேன்ட் பாக்கெட்டுக்குள்ளேயே தானாக விரிந்து தொடையைக் கிழித்துவிட்டது.

பிரித்துப் பார்த்தால் பாகங்கள் கொஞ்சம்தான். அச்சைச் சுற்றி ஒரு சுருள் ஸ்பிரிங், அதன் ஒரு கால் அலகில், இன்னொரு கால் பிடியில். பட்டனோடு சேர்ந்த ஒரு சின்ன உருளை அலகின் அடிப்பாகத்தில் வெட்டிய காடியில் உட்கார்ந்து அலகைப் பிடித்துக்கொண்டிருக்கும். அழுத்தினால் உருளை விலகும், அலகு பாயும், கடைசியில் அதே உருளை இரண்டாவது காடியில் விழுந்து பூட்டும். அதாவது மூடி வைப்பதும் விரித்துப் பூட்டுவதும் ஒரே உருளையின் வேலை. அந்தக் காடியின் ஓரம் தலைமுடி அளவு தேய்ந்தால் போதும், என் நண்பருக்கு நடந்ததுதான் நடக்கும். அங்கே தேய்மானம்தான் இருந்தது, வேறு ஒன்றுமில்லை.

ஸ்பிரிங் விஷயமும் லேசு இல்லை. பலம் குறைந்தால் பாக்கெட் பஞ்சு, மண் சேர்ந்தாலே பாதியில் நிற்கும். கூடினால் ஒவ்வொரு தடவை விரியும்போதும் அலகு தடுப்புப் பின்னில் போய் அறையும், நாளடைவில் ஆட்டம் கொடுக்கும். சாதாரண மடக்குக்கத்தியில் இந்த அடியே கிடையாது. முன்பக்கமாக நேராகப் பாய்ந்து வரும் ரகம் இன்னும் மோசம். ஸ்பிரிங் ஆரம்பத்தில் ஒரு தள்ளு தள்ளிவிடும், அதற்குப் பிறகு அலகு தன் வேகத்திலேயே போய்ப் பூட்டிக்கொள்ள வேண்டும், நடுவில் எதிலாவது தட்டினால் பூட்டாமல் தொளதொளவென்று நிற்கும், கையால் இழுத்து உட்காரவைக்க வேண்டும்.

ஆக மெஷினிங் சுத்தமாக இருக்க வேண்டும், அசெம்பிளி ஒவ்வொன்றாகக் கையால் சரிபார்க்க வேண்டும், வாரண்டியில் திரும்பி வருவதைச் சமாளிக்க வேண்டும். விலை ஏறாமல் எப்படி இருக்கும்?

வன்னிமகள்:

வணக்கம். நான் லண்டனில் இருக்கிறேன், எனக்கு இரண்டு மகன்மார். இஞ்ச பிளிக் நைஃப் என்று சொல்லுவார்கள். 1959லேயே செய்வதையும் விற்பதையும் தடை செய்துவிட்டார்கள். 2019 சட்டத்துக்குப் பிறகு, 2021 ஜூலையிலிருந்து வீட்டுக்குள் வைத்திருப்பதே குற்றம். அதற்கு முன்னம் அரசாங்கம் காசு கொடுத்துத் திருப்பி வாங்கியது. ஆரிகன் அண்ணா சொன்ன, பாதி தள்ளினால் மீதி தானாக விரியும் கத்தியையும் அதே சட்டம் உள்ளே கொண்டுவந்துவிட்டது. அமெரிக்கா திறந்துவிட்ட கதவை இங்கே அடைத்துவிட்டார்கள்.

நான் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். எங்கள் தெருமுனையில் ஒரு பொடியனின் படத்துக்கு முன்னால் பூச்செண்டுகள் கிடந்ததைப் பார்த்தபிறகு, இது அழகான வேலைப்பாடு, இதை ஏன் நிறுத்துகிறார்கள் என்று என்னால் கேட்க ஏலாது. கம்பெனிக்காரர் பயந்து நிறுத்தினாலும் சரி, லாபம் இல்லையென்று நிறுத்தினாலும் சரி. ஆனால் தம்பி, உங்கட அப்பாவின் கதை வேறு. அதை வாசிக்கக் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஆரிகன்வாசி:

தங்கச்சி, நீங்கள் சொல்வதை மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். சமையல் கத்தி எல்லா வீட்டிலும் இருக்கிறது, அதைத் தடை செய்ய யாராலும் முடியாது. விரிவதில் மிச்சமாகும் ஒரு வினாடியைத் தடை செய்தால் அந்தப் பையன்கள் பிழைப்பார்களா என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இருந்தால் என் சேகரிப்பை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன், உண்மையாகவே.

பாலு சார் சொன்னது சரி, குறையே இல்லை என்ற மாதிரி நான் எழுதியது தப்பு. ஆனால் காற்று திரும்பவும் மாறுகிறது. 2010ல் நியூ ஹாம்ப்ஷயர், 2013ல் டெக்சாஸ், 2017ல் கொலராடோ என்று மாநிலத் தடைகள் விழுந்துகொண்டே வருகின்றன. 2024 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் அங்கிருந்த தடை அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்பு சொன்னது. அதே ஆகஸ்டில் ஜெர்மனியில் நேர்மாறு. ஸோலிங்கன் ஊரின் 650வது ஆண்டு விழாவில் ஒருவன் கத்தியால் குத்தி மூன்று பேர் செத்தார்கள். அக்டோபர் கடைசியில் ஸ்பிரிங் கத்திக்கு, தொழில் தேவை போன்ற சில விலக்குகளோடு, தடை வந்துவிட்டது. நூற்றாண்டுகளாகக் கத்தி செய்தே பெயர் வாங்கிய ஊர் அது. இப்படி ஒரு நாட்டில் திறந்து இன்னொரு நாட்டில் மூடினால், புது மாடலுக்கு முதலீடு போட யாருக்கும் யோசனையாகத்தான் இருக்கும்.

ஊர்சுற்றி:

நம் நாட்டு உதாரணத்தை யாரும் சொல்லவில்லையே. உத்தரப் பிரதேசத்தில் ராம்பூர் என்ற ஊர், ராம்பூரி சாக்கு (இந்தியில் சாக்கு என்றால் கத்தி) பழைய இந்திப் பட வில்லன்களின் கத்தி. நவாப் காலத்திலிருந்து வந்த கைத்தொழில். 1990களின் நடுவில் நாலரை அங்குலத்துக்கு மேல் அலகு செய்யக் கூடாது என்று மாநில அரசு கட்டுப்பாடு போட்டதும் தொழில் படுத்துவிட்டது. 2023ல் அந்த ஊர் நாற்சந்தியில் சுமார் 20 அடி நீளத்துக்கு ஒரு கத்தி சிலை வைத்திருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தேன். சிலை பளபளவென்று இருக்கிறது, கத்தி செய்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

தோப்புக்காரனுக்கு ஒரு எச்சரிக்கை. டெல்லியில் 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் எட்டும் அலகுள்ள பட்டன் கத்தி வைத்திருந்தாலே ஆயுதச் சட்டத்தில் வழக்கு, அங்கே அதற்குப் பழைய அறிவிக்கையே இருக்கிறது. நம் ஊரிலும் பட்டன் கத்தி என்றால் போலீஸ் பார்க்கும் பார்வை வேறு. பெரியவர் தோப்புக்கும் வீட்டுக்கும் நடுவில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டுமா?

டூல்ரூம் பாலு:

தம்பி, இன்னொன்றை எழுத மறந்துவிட்டேன், உங்களுக்கு இதுதான் முக்கியம். பட்டன் கத்தியைத் திறக்க ஒரு கை போதும், மூட ஒரு கை போதாது. பட்டனை அழுத்திப் பிடித்தபடியே, ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளும்போது அலகை மடக்க வேண்டும். ஒரு கைக்காரர்கள் தொடையில் வைத்து அழுத்தி மூடுவார்கள். ஈரக் கையோடு, வாழைப்பால் பிசுபிசுப்போடு அதை அப்பா செய்ய வேண்டாம்.

மடக்கவே தேவையில்லாத கத்திதான் அவருக்குச் சரி. நாலு அங்குல அலகு, மரப்பிடி, இடுப்பில் கட்டும் தோல் உறை. உறையின் வாய் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும், பார்க்காமலே திரும்பச் செருக வேண்டும். அடி நுனியை பெல்ட்டிலோ தொடையிலோ ஒரு வாரால் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் உருவும்போது உறையும் சேர்ந்து மேலே வரும், பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லை.

தோப்புக்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மூடுவதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை பாலு அண்ணே. நேற்று சாயங்காலம் அப்பாவிடம் இதை எல்லாம் வாசித்துக் காட்டினேன். பாராசூட் வீரன் மரத்தில் தொங்கிய கதையை இரண்டு தடவை சொல்லச் சொன்னார். வன்னிமகள் அக்கா எழுதியதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

இன்று காலையில் எங்கள் ஊர்க் கொல்லுப்பட்டறைக்குப் போய்வந்தோம். பழைய அரத்தை அடித்து நாலு அங்குலத்தில் செய்து தருகிறேன் என்றார் ஆசாரி. பிடிக்கு அப்பாவே வேப்பங்கட்டை எடுத்துக் கொடுத்தார். உறைக்கு மட்டும் வாய் எவ்வளவு அகலம் வைக்கச் சொல்லட்டும் அண்ணே? வெள்ளிக்கிழமை தோல் வெட்டுகிறார்கள்.

டூல்ரூம் பாலு:

அலகு அகலத்தை விட அரை இன்ச் கூட வைக்கச் சொல்லுங்கள். உள்ளே போகப் போக ஒடுங்க வேண்டும். உறை இடது இடுப்பில் வரட்டும், வலது கையால் குறுக்கே உருவ அதுதான் வாகு.