யாராவது சொன்னதைக் கேட்காமல் விட்டு, இன்னும் உறுத்துகிறதா?

அம்பத்தூர் டர்னர்:
3 வருடமாக மனதில் கிடக்கிறது, எழுதிவிடுகிறேன். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் சின்னப் பட்டறை, மே மாதம், அவசர ஆர்டர். 50 மில்லிமீட்டர் ஷாஃப்ட், பேரிங் உட்காரும் இடம், 0.016-க்கு மேல் குறையக் கூடாது. ஒவ்வொன்றையும் லேத்தின் பிடியான சக்கில் இருந்தபடியே மைக்ரோமீட்டரில் பார்த்தேன். 49.99 காட்டியது. அப்ரண்டிஸாக வந்த ஐ.டி.ஐ. பையன், "அண்ணா, ஜாப் சூடா இருக்கே, ஆறவிட்டு அளக்கலாமா?" என்றான். 11 வருட சர்வீஸ் எனக்கு. "நீ முதல்ல போய்க் கீழே கிடக்கிற சுருளைக் கூட்டு" என்று கத்தினேன். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலை எல்லாமே 49.97. சூட்டில் விரிந்த இரும்பு ஆறினால் சுருங்கும். இந்தக் கனத்துக்கு 35 டிகிரி ஏறினாலே 0.02 மாறிவிடும். எனக்குத் தெரியாததா? 12 ஷாஃப்ட்டும் ரிஜெக்ட்.

அதைக்கூட மறந்திருப்பேன். 2 வாரம் கழித்து டூல் முனை உடைந்து, கடைந்துகொண்டிருந்த இன்னொரு ஜாப் வீணானது. முனையில் விரிசல் இருந்ததை அவன் காலையிலேயே பார்த்திருக்கிறான். "ஏன்டா சொல்லலை?" என்றேன். "திட்டுவீங்கன்னு நினைச்சேன்ணா" என்றான். அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

மயிலாப்பூர் மிருதங்கம்:
எனக்கும் இதேதான், இடம் மட்டும் வேறு. மார்கழி, மதியக் கச்சேரி முடிந்து கேன்டீனில் நிற்கிறோம். பாடிய அக்கா காபியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அனுபல்லவி எடுக்கும்போது என் சாகித்யம் எனக்கே கேட்கலை." நான் உடனே மைக், மானிட்டர் ஸ்பீக்கர் என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகத் தலையாட்டினார். மறுபடி எதுவும் சொல்லவில்லை. அடுத்த மார்கழியில் அவருக்கு வேறொருவர் வாசித்தார். பிறகுதான் அந்தப் பதிவைக் கேட்டேன். என் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடக்கைப் பக்கச் சத்தம் மட்டும்தான் இருந்தது. அவர் இரண்டாவது முறை சொல்லாததுதான் இன்றும் வலிக்கிறது.

தரமணி டெஸ்டர்:
டர்னர் அண்ணா, முழுத் தப்பையும் உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். நாலு பேர் முன்னால் சொன்னால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். பையன் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். நான் எழுதிய புரோகிராம் கோடைச் சக ஊழியர்கள் பார்க்கும் ரிவ்யூவில் ஒருமுறை 23 கமெண்ட் வந்தது. அன்றே எல்லாவற்றுக்கும் பதில் எழுதிச் சண்டை போட்டேன், 19 சரியானவை என்று பிறகு தெரிந்தது. என் கதை அவ்வளவுதான்.

இதிலிருந்து பழகிக்கொண்டதைச் சொல்கிறேன். கமெண்ட் வந்தவுடன் பதில் எழுதாதீர்கள், ஒரு இரவு போகட்டும். சொன்னவர் வார்த்தையை அப்படியே நோட்டில் எழுதுங்கள். நம் வார்த்தையில் எழுதினால் நமக்குச் சாதகமாக மாறிவிடும். அப்புறம் அவரிடமே போய், "எந்த இடத்தில் இது இடித்தது?" என்று கேளுங்கள். "நான் எப்படி வேலை செய்கிறேன்?" என்று பொதுவாகக் கேட்டால், "நல்லா பண்றீங்க" என்றுதான் பதில் வரும். ஏற்க முடியாத கருத்தென்றால் காரணத்தைச் சொல்லி மறுக்கலாம், அதில் தவறே இல்லை. மாற்றிக்கொண்டால், சொன்னவரிடம் மாற்றியதைக் காட்டுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதிகம் உதவியது இந்த ஒன்றுதான்.

இரவுப் பணி செவிலியர்:
தரமணி, ஒரு இரவு போகட்டும் என்பதெல்லாம் எங்கள் வார்டில் நடக்காது. கையில் ஊசியோடு நிற்கிறேன், பயிற்சிக்கு வந்த பெண் பின்னாலிருந்து, "சிஸ்டர், இது பக்கத்து பெட்டுக்கு எழுதினது" என்கிறாள். நோயாளியின் மனைவி பார்த்துக்கொண்டிருக்கிறார். முகம் சூடாகிவிட்டது. கைப்பட்டையில் பெயரையும் எண்ணையும் பார்த்தேன், அவள் சொன்னது சரி. அவளைத் தனியாகக் கூப்பிடும் வரை காத்திரு என்று யார் சொல்வது? எல்லார் முன்னாலும் அவளுக்கு நன்றி சொன்னேன். அதன்பிறகு அவள் எதையும் என்னிடம் மறைத்ததில்லை.

அம்பத்தூர் டர்னர்:
தரமணி தம்பி, அக்கறைக்கு நன்றி. ஆனால் ஒன்றை நான் எழுதாமல் விட்டுவிட்டேன். மெஷின் சத்தத்தில் அவன் என் காதருகே வந்துதான் சொன்னான். வேறு யாருக்கும் அது கேட்கவில்லை. பட்டறை முழுக்கக் கேட்டது என் குரல்தான்.