சின்ன சிப்பியா, குஞ்சு சிப்பியா? படப்பக்கரையில எனக்குத் தெரிஞ்சது

செங்கோட்டை டீச்சர்:

பாசில் (கல்லுக்குள்ள மிஞ்சின பழைய உயிரோட மிச்சம்) பார்த்த அனுபவம் இருந்தா எழுதுங்கன்னு கேட்டிருந்தீங்க. என்கிட்ட டைனோசர் கதை எதுவும் இல்ல, கட்டைவிரல் அளவு சிப்பி கதைதான் இருக்கு, ஆனா அது என் மனசுல இருந்து இன்னும் போகல.

எம்எஸ்சி ஜியாலஜி கடைசி வருஷம் ப்ராஜெக்டுக்கு கொல்லம் பக்கத்துல படப்பக்கரைய எடுத்தேன். எங்க ஊர்க்காரங்களுக்கு கொல்லம் ஒண்ணும் வெளியூர் கணக்குல வராது, 1956 வரைக்கும் நாங்களே திருவிதாங்கூர் பக்கம்தானே. அப்ப மீட்டர்கேஜ் தண்டவாளத்தப் பிரிச்சுப் போட்டிருந்த சமயம், அதனால பஸ்சுல ஆரியங்காவு, தென்மலை, புனலூர்னு மலைய சுத்தி இறங்கி குண்டறை போய் அங்கிருந்து ஆட்டோ பிடிக்கணும். இப்ப 2018க்கு அப்புறம் ரயிலே போகுது, பதிமூணு கண் பாலத்தப் பாத்துக்கிட்டே போயி குண்டறையிலயே இறங்கிக்கலாம்.

அஷ்டமுடிக் காயல் கரையில, தண்ணி வத்துன நேரத்துல பாத்தா, சாம்பல் நிறத்துல சுண்ணாம்புக்கல் அடுக்கு வெளிய தெரியும், கூடவே களிமண்ணும் மணலும் மாத்தி மாத்தி வரும். கல்லு பூரா சங்கு, சிப்பி, பவளம்தான். மயோசீன் காலத்தோட ஆரம்பம், ஏறத்தாழ 1 கோடியே 60 லட்சத்துல இருந்து 2 கோடி வருஷத்துக்குள்ள. அப்ப அங்க ஆழம் கம்மியான வெதுவெதுப்பான கடல். மொத நாள் அந்தக் கரையில நின்னப்ப எனக்கு பேச்சே வரல, காலுக்குக் கீழ இவ்வளவு உயிர் கெடக்கே, நம்ம ஊர்ல இருந்து ரெண்டு மூணு மணி நேரத்துல வந்துட்டோமேன்னு.

என் வேலை இதுதான். ஒரே வகை சிப்பிய கீழ் அடுக்குலயும் மேல் அடுக்குலயும் தேடிப் பிடிச்சு, வெர்னியர் காலிப்பர் வெச்சு நீளம், உயரம், தடிமன் மூணையும் அளக்கணும். 240 ஓடு அளந்தேன். அளவ நேரா ஒப்பிடாம லாகரிதம் எடுத்துதான் ஒப்பிடுவாங்க, ஏன்னா 1 செமீ சிப்பி 2 செமீ ஆகுறதும் 10 செமீ சிப்பி 20 செமீ ஆகுறதும் வளர்ச்சி கணக்குல ஒண்ணுதான், ரெண்டுமே ரெட்டிப்பு. அப்புறம் இன்னொண்ணு, உருவம் மாறாம நீளம் மட்டும் ரெட்டிப்பானா எடை 8 மடங்கு ஆகும், அதனால "கொஞ்சம்தான் பெருசாச்சு"ன்னு நாம நினைக்கிறது அந்த உயிருக்கு கொஞ்சமே இல்ல.

அளந்து முடிச்சுப் பாத்தா மேல் அடுக்கு சிப்பி எல்லாம் தெளிவா சின்னதா இருந்துச்சு. எனக்கு சந்தோஷம் தாங்கல. பெரிய அழிவுக்கு அப்புறம் தப்பிச்ச இனங்கள் கொஞ்ச காலத்துக்கு குட்டையா ஆகுறத லில்லிபுட் விளைவுன்னு சொல்லுவாங்க, அடம் உர்பானெக் 1993ல வெச்ச பேரு, அதே மாதிரி கடல் ஏதோ கெட்டுப்போய் சிப்பி குறுகிடுச்சுன்னு நானா முடிவு கட்டி ஒரு செமினாருக்கு சுருக்கமும் எழுதி அனுப்பிட்டேன்.

அதுக்கப்புறம் ஒரு மார்ச் மாசம் திரும்பப் போனேன். டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் அங்க கக்கா (சிப்பிக்கு அங்க சொல்ற பேரு) வாரக்கூடாது, மார்ச்ல வாரி வந்து கரையிலயே வேகவெச்சு இறைச்சிய எடுத்துக்கிட்டிருந்தாங்க, பக்கத்துல ஓடு மலை மாதிரி குவிஞ்சு கெடந்துச்சு. அங்க ஒரு சேச்சி, அறுபது வயசு இருக்கும், நான் கல்லுல இருந்து எடுத்து கையில வெச்சிருந்த பாசில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "இது குஞ்ஞல்லே மோளே"ன்னாங்க, இது குஞ்சு இல்லையா மகளேன்னு. நான் இல்ல சேச்சி, இது ஒரு கோடி வருஷத்துக்கும் முந்தினது, அப்ப இந்த இனமே சின்னதா இருந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்ச மலையாளத்துல விளக்குறேன். அவங்க கேட்டுக்கிட்டே குவியல்ல கை விட்டு ரெண்டு ஓடு எடுத்தாங்க. ரெண்டும் ஒரே நீளம். ஒண்ணுல வளர்ச்சிக் கோடுக தள்ளித் தள்ளி இருக்கு, ஓரம் மெலிசா இருக்கு. இன்னொண்ணுல ஓரத்துக்கிட்ட வர வர கோடு நெருக்கி நெருக்கி விழுந்து ஓரமே தடிச்சுப் போயிருக்கு. மொதலாவது வளர்ற கக்கா, ரெண்டாவது கிழடு, எடம் சரியில்லாம வளராமப் போனது. என் பாசில் மொதலாவது ஜாதி.

லென்ஸ் வெச்சு அங்கயே உக்காந்து பாத்தேன். கோடு தள்ளித்தான் இருந்துச்சு. ஊருக்கு வந்து கைடுகிட்ட சொன்னேன், அவர் சில ஓட்ட குறுக்க வெட்டி பாலிஷ் பண்ணிப் பாக்கச் சொன்னார், உள்ளயும் அதே கதைதான், மேல் அடுக்குல முக்கால்வாசி வளர்ந்து முடியாத குஞ்சு. இனம் குறுகல, அந்த எடத்துல குஞ்சுங்க கூட்டமா செத்திருக்கு, இல்லன்னா நீரோட்டம் லேசான ஓட்ட மட்டும் பொறுக்கிக் கொண்டாந்து சேத்திருக்கு. செமினார் சுருக்கத்த திரும்ப வாங்கிக்கிட்டேன். அன்னைக்கு அழுகையா வந்துச்சு, ஆனா அந்த சேச்சி மட்டும் சொல்லலன்னா இல்லாத ஒரு விஷயத்த உண்மைன்னு எழுதி வெச்சிருப்பேன்.

உங்களுக்கும் இப்படி "சின்னதுன்னு நினைச்சேன், வேற என்னவோ"ன்னு நடந்திருந்தா எழுதுங்க.

களியக்காவிளை பல்லு லேப்:

டீச்சர், நான் பல்லு செட் செய்ற லேப்ல வேலை பாக்கேன், படிச்சதும் உடனே எங்க வேலைதான் நியாபகம் வந்துச்சு. சிப்பி ஓட்டோட வயசுக்கு கோடு சாட்சின்னா, எலும்ப ஆராயறவனுக்கு பல்லுதான் சாட்சி. கடவாப்பல்லோட மேல்பாகம் ஒருக்கா உருவாயி முளைச்சா அதுக்கப்புறம் பெருசாகாது, தேயும் அவ்வளவுதான். இந்தோனேசியாவுல புளோரஸ் தீவுல 2003ல ஒரு மீட்டர் ஒசரத்துல மனுச எலும்பு கிடைச்சப்ப குழந்தையா இருக்குமோன்னு யாரும் ரொம்ப நேரம் குழம்பாததுக்குக் காரணமே ஞானப்பல் முளைச்சு தேஞ்சிருந்ததுதான். நோயால குட்டையா போன ஆளா, இனமே அப்படியான்னுதான் அப்புறம் வருஷக்கணக்கா சண்டை நடந்துச்சு. வயசுல சண்டை இல்ல.

குதிரை விஷயமும் சொல்லணும். 5 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன்னால பூமி திடீர்னு சூடாச்சு இல்லையா, அமெரிக்காவுல வயோமிங் பக்கம் அந்த மண்ணுல கிடைச்ச சிஃப்ரிப்பஸ்ங்கற குட்டிக் குதிரை ஏறக்குறைய 1,30,000 வருஷத்துல 30 சதவீதம் சிறுத்து, குளிர்ச்சி திரும்பினப்ப 76 சதவீதம் பெருத்துச்சுன்னு 2012ல எழுதினாங்க. அதையும் கடவாப்பல்ல அளந்துதான் கண்டுபிடிச்சாங்க. பூனை அளவு குதிரை மக்கா, பல்லு மட்டும் பொய் சொல்லல்ல.

கொழிஞ்சாம்பாறை ராசு:

நான் கொஞ்ச நாள் குஜராத்ல கட்ச்ல லிக்னைட் (பழுப்பு நிலக்கரி) சுரங்கத்துல கான்ட்ராக்ட் வேலை பாத்தேனுங்க. நிலக்கரிக்கு மேல இருக்கற மண்ண அள்ளிக் கொட்டறப்ப சிப்பி நெறைய வரும், யாரும் குனிஞ்சு பாக்கமாட்டாங்க, நானும் பாக்கல. அப்புறம் 2024ல செய்தி வந்துச்சு, அதே கட்ச்ல பானந்த்ரோ சுரங்கத்துல 2005ல எடுத்த எலும்பு பாம்போடதாமா, மொதல்ல முதலைன்னு நினைச்சு வெச்சிருந்தாங்களாம், ரூர்க்கி ஐஐடில இருந்து வாசுகி இண்டிகஸ்னு பேர் வெச்சாங்க. 27 முதுகெலும்புத் துண்டு, அதவெச்சு 10.9ல இருந்து 15.2 மீட்டர் வரைக்கும் நீளம்னு கணக்கு. எனக்கு ஒரு சந்தேகமுங்க, துண்டு துண்டா கிடைச்சத வெச்சு முழு நீளத்த எப்படி சொல்றாங்க?

செங்கோட்டை டீச்சர்:

ராசு அண்ணா, இப்ப உயிரோட இருக்கற பாம்புங்கள்ல முதுகெலும்போட அகலத்துக்கும் உடம்பு நீளத்துக்கும் இருக்கற உறவ முதல்ல கணக்காக்கிக்குவாங்க, அந்தச் சமன்பாட்டுல பாசில் அளவப் போடுவாங்க. எந்த அளவ, எந்தச் சமன்பாட்ட எடுத்துக்குறோம்ங்கறதப் பொறுத்து விடை மாறும், அதனாலதான் 10.9க்கும் 15.2க்கும் நடுவுல அவ்வளவு இடைவெளி. ஒரே எண்ண சொல்லாம அந்த இடைவெளிய அப்படியே எழுதினாங்க பாருங்க, அதுக்காகவே அவங்க மேல மரியாதை. அது முழுசா வளர்ந்த பாம்புதான்னும் எலும்பப் பாத்து சொல்லியிருக்காங்க.

பல்லு லேப் அண்ணன் சொன்ன பல்லு மாதிரி சில சங்குக்கும் ஒரு அடையாளம் உண்டு. வளர்ந்து முடிஞ்சா வாய் ஓரத்துல உதடு தடிச்சு வெளிய மடங்கிடும், அதுக்கப்புறம் நீளாது. அந்த மாதிரி சங்கு கிடைச்சா குஞ்சா பெருசாங்கற குழப்பமே வராது, நான் சிப்பிக்கு பதில் அதையே எடுத்திருக்கணும்.

நீரோடி ஆன்றோ:

எங்களுக்கு இது புதுசு இல்ல டீச்சர். வலைக்கண்ணு சிறுசாச்சுன்னா குஞ்சு ஏறும், அந்த மீன வெச்சு "மீனே சிறுத்துப் போச்சு"ன்னு சொல்ல முடியாது. ஆனா பெரிச மட்டும் வருஷக்கணக்கா பிடிச்சா நெசமாவே சிறுசுலயே முட்டை போடுற மீனா மாறிடும், அதும் உண்டு. அஷ்டமுடில கக்கா வார 30 மில்லிமீட்டருக்குக் கம்மியான கண்ணு வலை கூடாதுன்னு வெச்சது அதுக்குத்தான, வளம் அழியாம முறையா பிடிக்கிறாங்கன்னு 2014ல வெளிநாட்டு சான்றிதழ்கூட வாங்குனாங்க. ஒரு கேள்வி, மொத்தத்துல பாத்தா உயிருங்க காலம் போகப் போக பெருசாகுதா சிறுசாகுதா?

செங்கோட்டை டீச்சர்:

ஆன்றோ, அதுக்கு ஒரே பதில் இல்ல. 2015ல ஒரு குழு 17,208 கடல் விலங்குப் பேரினங்கள (நெருங்கின இனங்களோட தொகுப்பு) அளந்துச்சு, 50 கோடி வருஷத்துக்கு முந்தின கேம்பிரியன் காலத்துல இருந்து இதுவரைக்கும் சராசரி உடல் கன அளவு ஏறத்தாழ 150 மடங்கு கூடியிருக்கு. ஆனா 1997ல ஜப்லான்ஸ்கிங்கற ஆய்வாளர் கிரெட்டேசியஸ் காலத்து (டைனோசருங்களோட கடைசிக் காலம்) சிப்பி, சங்கு வம்சங்கள ஒவ்வொண்ணா தொடர்ந்து பாத்தப்ப பெருத்தது எவ்வளவோ அவ்வளவு சிறுத்தும் இருந்துச்சு. ரெண்டும் சரிதான், ஒண்ணு கூட்டத்தோட கணக்கு, இன்னொண்ணு குடும்பத்தோட கணக்கு. பெரிய உடம்பு வெச்ச குடும்பங்க கிளைச்சுப் பெருகினாலே சராசரி ஏறிடும், தனித்தனி வம்சம் வளரணும்னு இல்ல.

படப்பக்கரை போறவங்க தண்ணி வத்துற நேரம் விசாரிச்சுட்டுப் போங்க. சுத்தியல் வேண்டாம், கரையே கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு, பக்கத்துல ஸ்கேல் வெச்சு போட்டோ எடுத்தாலே அளந்துக்கலாம். லென்ஸ் கட்டாயம் எடுத்துக்கோங்க. போன தடவ நான் போனப்ப அந்த சேச்சி இல்ல, அவங்க மக ஓடு பிரிச்சுக்கிட்டிருந்தா, அவகிட்ட ஒரு பாசில நீட்டினேன், அம்மா மாதிரியே வாங்கி மொதல்ல ஓரத்தத்தான் தடவிப் பாத்தா.