சுண்டைக்காய் அளவுத் தக்காளி: வளர்த்தவர்கள் சொல்லுங்க

திண்டுக்கல், தரைத்தோட்டம்

கடையில் பிளாஸ்டிக் டப்பாவில் விற்கிற செர்ரி தக்காளியைச் சொல்லவில்லை. அதைவிடப் பொடிசு. சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். பழம் ஒரு கிராம் எடை, மிஞ்சினால் இரண்டு. விதை கைமாறும் இடங்களில் சிலர் காட்டுத் தக்காளி என்கிறார்கள், சிலர் கரண்ட் தக்காளி என்கிறார்கள் (மின்சாரக் கரண்ட் இல்லை, currant என்கிற பொடிப் பழத்தின் பெயர்). தாவரவியலில் சொலானம் பிம்பினெல்லிஃபோலியம். பெரு, ஈக்வடார் நாடுகளின் கடலோரப் பகுதிகளில் வயல் வரப்பிலும் ஆற்றோரத்திலும் தானாக முளைக்கிற செடி. நம் அடுப்படித் தக்காளிக்கு நெருங்கிய மூதாதை இதுதான். வளர்த்தவர்கள், சமைத்தவர்கள் எழுதுங்க. முதலில் நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இதைத் தக்காளிச் செடி என்று நினைத்து நடக்கூடாது, கொடி என்று நினைத்து நட வேண்டும். குச்சி ஊன்றி, பக்கக் கிளையைக் கிள்ளி ஒற்றைத் தண்டாக ஏற்றும் பராமரிப்பெல்லாம் இதற்கு வீண். என் செடி காம்பவுண்ட் சுவர் ஓரமாகப் படர்ந்து, பக்கத்து முருங்கையில் ஏறி, அங்கிருந்து துணி காயப்போடும் கம்பிக்குத் தாவிவிட்டது. தண்டு பென்சில் தடிமன்கூட இல்லை. இலையும் சின்னது, விளிம்பில் அதிக வெட்டு இருக்காது.

பார்க்க வேண்டியது கொத்தைத்தான். நீளமான காம்பின் இரண்டு பக்கமும் வரிசையாகக் காய் பிடிக்கும். அடியில் இருப்பது சிவந்து மினுங்கும், நடுவில் இருப்பது பச்சை, நுனியில் அப்போதுதான் மஞ்சள் பூ விரிந்திருக்கும். எல்லாம் ஒரே கொத்தில். அதனால் கொத்தோடு வெட்டி எடுக்க முடியாது, பழுத்ததை மட்டும் பொறுக்க வேண்டும். ஒரு டம்ளர் நிறையப் பறிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகும். பொறுமை இல்லாதவர்களுக்கு இந்தச் செடி வேண்டாம்.

உரம் கொட்டாதீர்கள். நடும்போது ஒரு கூடை மக்கிய சாணி வைத்தேன், அவ்வளவுதான். மறுபடி மறுபடி ஊட்டினால் இலையாகத் தழைத்துக் காய் குறையும். ஐப்பசி மழை விடாமல் பெய்தால் பழுத்த பழம் வெடிக்கும். மேகம் கூடும்போதே பறித்துவிடுவது நல்லது.

சென்னை, மூன்றாவது மாடி

பையில் வளர்ப்பவர்களுக்காகச் சொல்கிறேன். சின்னப் பழம்தானே என்று சின்னப் பையில் வைக்க வேண்டாம். வேர் நிறைய ஓடும். பழைய பெயின்ட் வாளி அளவாவது வேண்டும், சாய்த்துக் கட்ட ஒரு கிராதியும் வேண்டும்.

சித்திரை வெயிலில் இது ஆச்சரியம் தந்தது. இரவு வெப்பம் 24 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்களில் பெரிய தக்காளியில் மகரந்தம் சரியாக உருவாகாது, பூ கொட்டிவிடும். என் மாடியில் பி.கே.எம். 1 என்கிற பெரிய தக்காளி ரகச் செடிகள் பூவை உதிர்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்துப் பையில் இது, குறைவாகத்தான் என்றாலும், காய் பிடித்தது. வெள்ளை ஈ வந்தது, இலைச்சுருட்டும் வந்தது. மேல் இலைகள் கிண்ணம் மாதிரி மடங்கிக்கொண்டன, ஆனாலும் செடி விழவில்லை. வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் இலைக்கு அடிப்பக்கம் படும்படி தெளிக்க வேண்டும், மேலே அடித்துப் பயன் இல்லை.

காட்டுச் செடி, நோயே வராது என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது பாதிதான் உண்மை. அமெரிக்காவில் ஃபுசேரியம் வாடல் நோய் தக்காளித் தோட்டங்களை வாட்டியபோது, எதிர்ப்புத் தன்மை கிடைத்தது இந்தப் பொடித் தக்காளியில்தான். அதைக் கலந்து உருவாக்கிய ‘பான் அமெரிக்கா’ ரகம் 1941இல் வெளிவந்தது. பெரிய தக்காளியில் இன்று வாடல் எதிர்ப்பு என்று விற்கும் ரகங்கள் பலவற்றில் இதன் பங்கு உண்டு. ஆனால் அது பூஞ்சை வாடல். நம் ஊரில் காலையில் நன்றாக இருந்து மாலையில் பச்சையாகவே தலை தொங்கும் செடிக்குப் பெரும்பாலும் பாக்டீரியா வாடல்தான் காரணம், அது வேறு நோய். சந்தேகம் இருந்தால் தண்டை அடியில் வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிடுங்கள். வெட்டுவாயிலிருந்து பால் மாதிரி இழை இறங்கினால் பாக்டீரியா. அந்த மண்ணில் மறுபடி தக்காளி, கத்தரி, மிளகாய் எதுவும் வைக்காதீர்கள்.

மதுரை

தோட்டத்தைப் பற்றி அண்ணன்மார் எழுதியாச்சு, நான் அடுப்படிக்கு வருகிறேன்.

தொக்குக்கு இது சரிவராது. வதங்கி முடித்தால் தோலும் விதையும்தான் கரண்டியில் வரும். ரசத்துக்கு இதை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு கைப்பிடிப் பழத்தை உப்புப் போட்டுக் கையால் பிசைந்து, சக்கையை வடிகட்டி, வழக்கமாகப் போடும் புளியில் பாதியைக் குறைத்துக்கொள்ளுங்கள். புளிப்பும் இனிப்பும் இரண்டுமே இதில் தூக்கல். நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும், கொதித்தால் அந்த வாசனை போய்விடும்.

வத்தக்குழம்பில் சுண்டை வற்றலுக்குப் பதில் முழுசாகப் போடலாம். ஆனால் காயும் எண்ணெயில் முழுப் பழத்தைப் போட்டால் பட்டாசுதான், முகத்தில் தெறிக்கும். குழம்பு கொதித்து அடங்கும் நேரத்தில் போட்டு மூடி வைத்தால் போதும், வாயில் போட்டதும் வெடிக்கும்.

வற்றலும் போடலாம். முழுசாகக் காயவைத்தால் தோல் ஈரத்தை விடாது, உள்ளே பூசணம் பிடிக்கும். ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் நசுக்கி, உப்புப் பிசிறி, ஒரு ராத்திரி வைத்து, விட்ட தண்ணீரை வடித்துவிட்டு, நல்ல வெயிலில் துணியில் பரப்ப வேண்டும். அந்த வடித்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், பருப்புக்கு ஊற்றலாம். காய்ந்ததைத் தயிர்சாதத்துக்கு எண்ணெயில் ஒரு பொரி. எங்கள் அத்தை மோர்மிளகாயை ஒதுக்கிவிட்டு இதைக் கேட்கிறார்.

பச்சைக் காயை மணத்தக்காளி மாதிரி நினைத்துக் கைநிறையச் சமைக்க வேண்டாம். காயில் டொமாட்டின் என்கிற கசப்புப் பொருள் இருக்கும், பழுக்கும்போது குறையும். சிவந்த பிறகு சாப்பிடுவோமே.

ஈரோடு

எங்கள் வீட்டில் இது களை. ஒரு செடி வைத்தோம், கொண்டைக்குருவியும் அணிலும் தின்று போட்டு, செம்பருத்திக்கு அடியில், தண்ணீர்த் தொட்டி ஓரம், கோழிக்கூண்டுக்குப் பின்னால் என்று எங்கும் முளைக்கிறது. கோழிகள் கீழே விழுந்த பழத்தைப் பொறுக்கிவிடுகின்றன, அது வரைக்கும் நிம்மதி. சொடக்குத் தக்காளியோடு குழப்பிக்கொண்டு வந்து கேட்பவர்களும் உண்டு. அதில் பழத்தின் மேல் காகிதம் போல உறை இருக்கும், இதில் கிடையாது.

திண்டுக்கல், தரைத்தோட்டம்

ஈரோட்டுக்காரர் சொன்னது நிஜம்தான், ஆனால் அப்படித் தானாக முளைத்த நாற்றை நம்பி விதை எடுக்காதீர்கள். சாதாரணத் தக்காளிப் பூவில் சூல்முடி, அதாவது மகரந்தம் வந்து ஒட்டும் நுனி, மகரந்தப்பைகள் சேர்ந்த கூம்புக்குள்ளேயே அடங்கியிருக்கும், அதனால் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே கருவுறும். இதன் பல வகைகளில் சூல்முடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கருவண்டுத் தேனீயும் உடம்பில் நீலவரி போட்ட தேனீயும் பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்காரமிட்டு மகரந்தத்தை உதிர்க்கும். அப்போது பக்கத்துப் பெரிய தக்காளியின் மகரந்தமும் வந்து சேர்ந்துவிடும். இரண்டும் தாராளமாகக் கலக்கும். கலந்த செடியின் பழம் நடுவாந்திரமாக, சின்னதின் பக்கம் சாய்ந்த அளவில் வரும். ருசி நன்றாகவே இருக்கலாம், ஆனால் அது இந்த ரகம் ஆகாது.

விதைக்கென்று ஒரு கொத்தைப் பூ விரிவதற்கு முன்பே கொசுவலைத் துணியால் மூடிக் கட்டி, காலையில் காம்பைச் சுண்டிவிட்டால் போதும். பழுத்ததைப் பிசைந்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு இரண்டு நாள் புளிக்கவிட்டால் வழுவழுப்பு கழன்றுவிடும். அலசி நிழலில் உலர்த்துங்கள். விதை எள்ளைவிடப் பொடிசு, காகிதத்தில் காயவைத்தால் ஒட்டிக்கொள்ளும், எவர்சில்வர் தட்டுதான் சரி.

எத்தனை செடி வைக்கலாம் என்று யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலு பேர் வீட்டுக்கு இரண்டு தாராளம். மூன்றாவது வைத்தால் பறிக்க ஆள் தேட வேண்டும்.