ஆல்டோ 800-ல் எந்தக் குழந்தை சீட் உட்காரும்?

நீடாமங்கலத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்திருக்கிறது. எடை எட்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல், உயரம் 70 சென்டிமீட்டர். வண்டி 2015 ஆல்டோ 800, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஏர்பேக் இல்லை, குழந்தை சீட்டை பெல்ட் இல்லாமலே வண்டியோடு பூட்டுகிற ஐசோஃபிக்ஸ் கொக்கியும் இல்லை. பின்சீட் இடுக்கு முழுக்கக் கைவிட்டுத் துழாவிவிட்டேன், கிடைத்தது ஒரு ரூபாய்க் காசும் பழைய டோல் ரசீதும்தான். பின்னால் இரண்டு ஓரத்திலும் தோளைச் சுற்றி வரும் பெல்ட் இருக்கிறது, நடுவில் இடுப்பு பெல்ட் மட்டும்.

தை மாதம் பட்டுக்கோட்டைப் பக்கம் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். ஒரு வழிக்கே ஐம்பது கிலோமீட்டர் வரும். அது போக மாசத்துக்கு இரண்டு தடவை வலங்கைமான் வழியாகக் கும்பகோணம், மாமியார் வீட்டுக்கு. இதுவரை மனைவி மடியில்தான் வைத்துக்கொண்டு வந்தாள். போன வாரம் ஒரு வளைவில் அறுவடை மெஷின் ரோட்டை அடைத்துக்கொண்டு வர, நான் அழுத்திய பிரேக்கில் குழந்தையின் நெற்றி முன்சீட்டில் போய் இடித்தது. பெரிதாக ஒன்றும் இல்லை, லேசாகப் புடைத்தது, அவ்வளவுதான். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆன்லைனில் பார்த்தால் மூன்று வகை இருக்கிறது: கைப்பிடி வைத்த கூடை மாதிரி ஒன்று, 18 கிலோ வரைக்கும் ஒன்று, பிறந்ததிலிருந்து பன்னிரண்டு வயசு வரைக்கும் ஒரே சீட் என்று சுற்றுகிற மாடல் ஒன்று. கடைக்காரரைக் கேட்டால் 'எல்லாக் காருக்கும் செட்டாகும் சார்' என்கிறார். நான் ஆறடிக்கு ஒரு அங்குலம் குறைவு, என் சீட்டைப் பின்னால் தள்ளினால்தான் கால் மடங்கும். பட்ஜெட் பத்தாயிரம். வீட்டில் அப்பாயி வேறு, 'பச்சப்புள்ளைய கன்னுக்குட்டி மாதிரி கட்டிப் போடுவியாடா' என்று ஆரம்பித்துவிட்டது. சின்ன வண்டி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

குடமுருட்டிக்கரை:

தம்பி, நானும் அதே ஆல்டோதான், அதே கூத்தைப் பட்டவன்தான், அதனால் நீளமாக எழுதுகிறேன்.

பன்னிரண்டு வயசு வரைக்கும் என்று விற்பதை முதலில் ஒதுக்குங்கள். ஒரே செலவில் முடியும் என்று நானும் அதைத்தான் வாங்கினேன். பெரிய அட்டைப்பெட்டியாக வந்து இறங்கியது. குழந்தை பின்பக்கம் பார்த்து உட்காருகிற மாதிரி வைத்தால் முன்சீட்டை டேஷ்போர்டு வரைக்கும் தள்ள வேண்டியிருந்தது. சரி, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், பெல்ட் எட்டவில்லை! சீட்டின் அடியைச் சுற்றிக் கொண்டுவந்தால் பெல்ட் நாக்கு பக்கிளுக்கு நாலு விரல் தள்ளியே நின்றுவிட்டது. எவ்வளவு இழுத்தும் வரவில்லை. திருப்பி அனுப்பியதில் கூரியர் காசு என் தலையில். அதனால் பிராண்டு, கலர், ரிவ்யூ எல்லாம் அப்புறம். முதலில் உங்கள் பின்சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து டேப்பால் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்சீட்டின் முதுகிலிருந்து முன்சீட்டின் முதுகு வரைக்கும் எத்தனை சென்டிமீட்டர் என்றும் அளந்துவிடுங்கள், நீங்கள் ஓட்டுகிற நிலையில் முன்சீட்டை வைத்துக்கொண்டு.

உங்கள் மகளுக்கு அந்தக் கூடை மாதிரி சீட் வேண்டாம். அது 13 கிலோ வரைக்கும் என்று போட்டிருந்தாலும் தலை அதற்கு முன்பே விளிம்பைத் தாண்டிவிடும், ஆறேழு மாதம் உழைத்தால் அதிகம். 18 கிலோ வரைக்கும் வருகிற நடுத்தர சீட்தான் சரி. அதைப் பின்னோக்கியும் வைக்கலாம், வளர்ந்தபின் முன்னோக்கியும் திருப்பலாம். ஆனால் எல்லாச் சீட்டும் இரண்டுக்கும் ஒரே எடைக் கணக்கு வைப்பதில்லை, பின்னோக்கி எத்தனை கிலோ வரைக்கும் என்று தனியாகப் பாருங்கள். சீட்டின் ஓரத்தில் பெல்ட் போகும் வழியை நீலத்திலும் சிவப்பிலும் காட்டியிருப்பார்கள். நீலம் பின்னோக்கி வைப்பதற்கு, சிவப்பு முன்னோக்கி வைப்பதற்கு. இதை மாற்றிக் கோத்தவர்களை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன் (ஒருவர் என் சொந்த மச்சான்).

இன்னொன்று, கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். நம் வண்டி பெல்ட் வெடுக்கென்று இழுத்தால்தான் பூட்டும், மெதுவாக இழுத்தால் வந்துகொண்டே இருக்கும். ஆளுக்கு அது போதும், காலியாக நிற்கும் சீட்டை இறுக்கிப் பிடித்து வைக்க அது போதாது. அதனால் பெல்ட்டைக் கடித்துப் பிடிக்கிற கிளிப் சீட்டிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டும்போது முட்டியைச் சீட்டின் மேல் வைத்து உடம்புப் பாரம் முழுக்கக் கொடுத்து, பெல்ட்டை இழுத்து, கிளிப்பைப் போடுங்கள். அப்புறம் பெல்ட் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஆட்டுங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் நகர்ந்தால் கழற்றி மறுபடி மாட்டுங்கள்.

இடம் என்று கேட்டால் இடது பக்கப் பின்சீட். ஓட்டுகிற உங்கள் காலுக்குப் பிரச்சினை இல்லை, முன்னால் இடதில் உட்காருகிறவர் கொஞ்சம் ஒடுங்கிக்கொள்ளலாம், இறக்கும்போதும் ரோட்டு ஓரமாக இறக்கலாம். நடுவில் வைப்பது நல்லது என்பார்கள், ஆனால் இடுப்பு பெல்ட் மட்டும் இருக்கிற இடத்தில் வைக்கலாம் என்று சீட் புத்தகத்திலேயே சொல்லியிருந்தால் ஒழிய வேண்டாம்.

ஊர்சுத்தி:

நம்ம ரோட்டில் நாற்பதுக்கு மேல் போகவே முடியாது. பாலத்துக்குப் பாலம் நின்று போகிறோம். இதற்குப் பத்தாயிரமா? நாங்கள் எல்லாம் அப்பா டிவிஎஸ் 50-ல் முன்னால் நின்றுகொண்டு வளர்ந்தவர்கள்தான். அம்மா மடியை விடப் பத்திரமான இடம் எது?

மாயவரம் நர்ஸ்:

ஊர்சுத்தி அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த நாற்பதையே எடுத்துக்கொள்வோம். 40 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதுவது இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். வண்டி நின்றுவிடும், பிள்ளை நிற்காது. எட்டு கிலோ பிள்ளையை அந்த நொடியில் பிடித்து நிறுத்த வேண்டுமென்றால் பதினைந்து இருபது மடங்கு பாரத்தைத் தாங்குகிற கை வேண்டும். நெல் கொள்முதல் நிலையத்தில் அடுக்குகிற 40 கிலோ நெல் மூட்டை மூன்று நான்கை ஒரே நேரத்தில் கையில் பிடிக்கிற மாதிரி. எந்த அம்மாவால் முடியும்? அம்மா பெல்ட் போடாமல் இருந்தால் இன்னும் மோசம், அவர் உடம்புப் பாரமும் சேர்ந்து பிள்ளையை முன்சீட்டோடு நசுக்கும். ஒரே பெல்ட்டை இருவருக்கும் சேர்த்துப் போடுவதும் அதே கதைதான்.

ஏன் பின்னோக்கி என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கைக்குழந்தையின் தலை உடம்பு நீளத்தில் கிட்டத்தட்ட கால்பங்கு. நமக்கு ஏழில் எட்டில் ஒரு பங்கு. கழுத்தெலும்பும் இன்னும் பாதி குருத்தெலும்பாகத்தான் இருக்கும். முன்னோக்கி உட்கார்ந்தால் மோதலில் தோளைப் பட்டை பிடித்துக்கொள்ளும், கனமான தலை மட்டும் முன்னால் பாயும். பின்னோக்கி இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட் சேர்த்து ஏந்திக்கொள்ளும். ஐரோப்பாவின் ஆர்129 விதியில் குறைந்தது 15 மாதம் வரை பின்னோக்கித்தான். சுவீடன்காரர்கள் நாலு வயசு வரைக்கும் அப்படியே உட்கார வைக்கிறார்கள். 'ஒரு வயசு ஆயிடுச்சு, திருப்பிடலாம்' என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். கால் மடங்கியிருப்பது பிள்ளைக்கு ஒரு கஷ்டமும் இல்லை, சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும்.

உங்கள் வண்டியில் ஏர்பேக் இல்லை, சரி. படிக்கிற மற்றவர்களுக்காக: முன்சீட்டில் ஏர்பேக் உயிரோடு இருக்கும்போது அங்கே பின்னோக்கிய சீட்டை வைக்கவே கூடாது. ஏர்பேக் கண் சிமிட்டுவதற்குள் விரிந்து நேராகப் பிள்ளையின் தலைக்குப் பின்னால் அறையும்.

சட்டமும் இருக்கிறது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் பிரிவு 194பி, பதினாலு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றினால் ஆயிரம் ரூபாய் அபராதம். நம்ம பக்கம் யாரும் பிடித்து நான் பார்த்ததில்லை, அது வேறு.

நீடாமங்கலத்தான்:

குடமுருட்டி அண்ணே, அளந்துவிட்டேன். நான் ஓட்டுகிற நிலையில் என் பின்னால் எந்தச் சீட்டும் நுழையாது. இடது பக்கம் முன்சீட்டை இரண்டு பல் முன்னால் தள்ளினால் இடம் வருகிறது. நர்ஸ் அக்கா எழுதியதை அப்பாயிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நெல் மூட்டைக் கணக்கு வந்ததும் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் ஒரு சந்தேகம். தெரிந்தவர் ஒருவர், வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சீட் சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள் என்கிறார். எடுக்கலாமா? ஸ்டிக்கரில் என்ன பார்க்க வேண்டும்?

வெண்ணாறு:

சும்மா கிடைத்தாலும் நாலு கேள்வி கேட்டுவிட்டு எடுங்கள். எந்த வருஷம் தயாரித்தது, கெடு எப்போது (அடியில் பிளாஸ்டிக்கிலேயே அச்சடித்திருக்கும், பெரும்பாலும் ஆறிலிருந்து பத்து வருஷம்), அந்தச் சீட் இருந்த வண்டி எப்போதாவது மோதியதா, கையேடு இருக்கிறதா. மோதலில் மாட்டிய சீட் வெளியே பார்க்கப் புதுசாகத்தான் இருக்கும், உள்ளே விரிசல் விட்டிருக்கலாம். கொடுப்பவர் நெருங்கிய சொந்தமாக இருந்து அவர் சொல்வதை நம்ப முடிந்தால் மட்டும் வாங்கலாம். அமெரிக்கச் சீட் என்றால் இன்னொரு சிக்கல். அங்கே வண்டி பெல்ட்டே பூட்டிக்கொள்ளும் என்பதால் பல சீட்டில் கடிக்கிற கிளிப் இருக்காது.

ஸ்டிக்கரைப் பொறுத்தவரை ஆரஞ்சு நிறத்தில் வட்டத்துக்குள் ஆங்கில 'E' எழுத்தும் ஒரு எண்ணும் இருக்க வேண்டும். ஆர்44/04 என்றால் பழைய விதி, எடைக் கணக்கு. ஆர்129 என்றால் புதுசு, உயரக் கணக்கு, பக்கவாட்டு மோதலுக்கும் சோதித்திருப்பார்கள். ஐரோப்பாவில் 2024 செப்டம்பரிலிருந்து ஆர்44 சீட்டைப் புதிதாக விற்பதில்லை. அதற்காக அது குப்பை என்று இல்லை, நம்ம ஊர்க் கடைகளில் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது. நம் நாட்டு விதி ஏஐஎஸ் 072. இந்த மூன்றில் ஒன்றும் இல்லாமல் 'பேபி கார் குஷன்' என்று ஆயிரத்து ஐந்நூறுக்கு நாலு நாடாவும் ஒரு மெத்தையுமாக விற்கிறார்களே, அதைத் தொடாதீர்கள். அது அசல் சீட்டே இல்லை.

முடிந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டு கடைக்கே போங்கள். திருச்சியில் பெரிய கடைகளில் கேட்டால் வாசலில் வைத்து மாட்டிப் பார்க்க விடுவார்கள். விடமாட்டேன் என்றால் அங்கே வாங்காதீர்கள்.

நீடாமங்கலத்தான்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அந்த இனாம் சீட்டைப் பார்த்தேன், கெடு முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது, கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு திருச்சி போனோம். முதல் சீட்டில் அண்ணன் சொன்ன அதே கதை, பெல்ட் எட்டவில்லை. இரண்டாவது பெல்ட்டில் நாலைந்து அங்குலம் மிச்சம் வைத்து உட்கார்ந்தது. ஒன்பதாயிரத்துச் சொச்சம். சாய்வு காட்டுகிற கோடு சரியாக வரவில்லை. கையேட்டில் துண்டைச் சுருட்டி அடியில் வைக்கலாம் என்று போட்டிருந்ததால் ஒரு ஈரோடு துண்டைச் சுருட்டி வைத்துச் சரிசெய்தோம்.

முதல் நாள் வலங்கைமான் வரைக்கும் அழுகை. மனைவி எடுத்துவிடலாம் என்றாள், நான் வண்டியை ஓரம் கட்டிச் சமாதானப்படுத்தி மறுபடி உட்கார வைத்தேன். மூன்றாவது தடவை ஏறியதுமே தூங்கிவிட்டாள். கோயிலுக்கும் போய்வந்தாயிற்று. மதுக்கூர் தாண்டிப் பாதி ரோட்டில் நெல் காயப் போட்டு கல்லை அடுக்கி வைத்திருந்தார்கள், எதிரில் லாரி, மறுபடி அதே மாதிரி பிரேக். இந்தத் தடவை அவள் விழிக்கக்கூட இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த அப்பாயிதான் முன்னால் வந்து முட்டிக்கொண்டது, இப்போது அதுவும் பெல்ட் கேட்கிறது.

கடைசியாக ஒன்று. சித்திரை வெயிலில் இந்தக் கறுப்புத் துணி எப்படி இருக்கும்?

மாயவரம் நர்ஸ்:

கொதிக்கும். நிறுத்தும்போது பழைய வெள்ளை வேட்டியை நாலாக மடித்துச் சீட்டு மேல் போட்டுவிடுங்கள், ஏற்றும்போது எடுத்துவிடுங்கள். பிள்ளைக்கு அடியில் தனியாக மெத்தை, தலையணை எதுவும் வைக்காதீர்கள், பட்டை தளர்ந்துபோகும். பட்டையைத் தோள் பக்கம் இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு பிடிபட்டால் இன்னும் இறுக்கணும். பின்னோக்கி இருக்கும்வரை பட்டை தோளுக்குச் சமமாகவோ கொஞ்சம் கீழேயோ வர வேண்டும். தூங்குகிறாளே என்று ஐந்து நிமிஷத்துக்குக்கூட வண்டிக்குள் தனியாக விட்டுவிட்டு இறங்க வேண்டாம். பக்கிள் இரும்பைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.