எடுத்த சி.டி. ஸ்கேனை மறுபடியும் எடுக்கச் சொல்கிறார் சத்திரசிகிச்சை நிபுணர். தேவைதானா?

வெள்ளவத்தை மருமகன்:
என் மாமாவுக்கு 68 வயது. பருத்தித்துறையிலிருந்து வைத்தியத்துக்காக எங்களோடு வந்து நிற்கிறார். வயிற்று ஸ்கேனில் இடது சிறுநீரகத்தில் 3.5 சென்ரிமீற்றர் கட்டி தெரிந்தது. காலி வீதியில் ஒரு தனியார் நிலையத்தில் சி.டி. எடுத்தோம்; நான்கு பிலிம்களும் ஒரு ரிப்போர்ட்டும் தந்தார்கள். சத்திரசிகிச்சை நிபுணர் பிலிமை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, “நாடிகள் தெரியவில்லை, இதை நம்பிக் கத்தி வைக்க முடியாது” என்று இன்னொரு ஸ்கேனுக்கு எழுதித் தந்துவிட்டார். மாமியோ காசு பறிக்கும் வேலை என்கிறார். மாமாவுக்குச் சீனி வருத்தம், மெட்ஃபோமின் குளிசை எடுக்கிறார். ஸ்கேனில் நாடிகள் துலக்கமாகத் தெரிய ஏற்றும் ஊசி மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்காதா?

ஓய்வுபெற்ற ரேடியோகிராபர்:
தம்பி, மாமியின் சந்தேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கையிலிருக்கும் நான்கு பிலிம்கள்தான் ஸ்கேன் என்று நினைத்துவிடாதீர்கள். இயந்திரம் நூற்றுக்கணக்கான படங்களை எடுக்கிறது. அவற்றை 5 மில்லிமீற்றர் தடிப்புக்குத் திரட்டி, சிலவற்றை மட்டும் பிலிமில் அச்சிடுவார்கள். சிறுநீரகத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் ஒரு மெல்லிய நாடி அந்தத் தடிப்புக்குள் காணாமல் போய்விடும். ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஒரு பக்கத்திலாவது ஒன்றுக்கு மேற்பட்ட நாடி இருக்கிறது. கட்டியை மட்டும் வெட்டும்போது நாடியைச் சிறிது நேரம் கவ்விப் பிடித்து இரத்தத்தை நிறுத்துவார்கள். இரண்டாவது நாடி இருப்பது தெரியாமல் ஒன்றை மட்டும் பிடித்தால், வெட்டுகிற இடத்தில் இரத்தம் பெருகும். நிபுணர் கேட்பது இதைத்தான்.

ரிப்போர்ட்டின் தொடக்கத்தில் எந்தெந்தக் கட்டங்களில், அதாவது ஊசிக்கு முன்னும் பின்னும் எந்தெந்த நேரத்தில், எடுத்தார்கள் என்று ஒரு வரி இருக்கும். ஊசி ஏற்றி ஏறத்தாழ 30 விநாடியில் எடுப்பது நாடிக் கட்டம். அது எடுக்கப்பட்டிருந்தால், அந்த நிலையத்துக்கு உடனே போய் 1 மில்லிமீற்றர் படங்களை இறுவட்டில் கேளுங்கள். நாள் போனால் அழித்துவிடுவார்கள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைய வேண்டாம். அந்தக் கட்டமே எடுக்கப்படவில்லை என்றால், இரண்டாவது ஸ்கேனைத் தவிர்க்க வழியில்லை.

ஊசிக்கு முன் இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவைப் பார்ப்பார்கள். அதிலிருந்து கணக்கிடும், சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் வேகம் (eGFR) 30க்குக் கீழே இருந்தால்தான் பெரிய யோசனை. அப்போது மெட்ஃபோமினை நிறுத்தி, 48 மணித்தியாலம் கழித்து இரத்தம் சோதித்த பிறகே மறுபடி தொடங்குவார்கள். மற்றவர்களுக்கு அனேகமாக நிறுத்தத் தேவையில்லை. இருந்தாலும் குளிசை எழுதித் தந்த வைத்தியரின் சொல்லே முடிவு.

கொட்டாஞ்சேனை வாசகன்:
அக்கா சொல்வதெல்லாம் சரி. ஆனால் சி.டி. படங்களைக் கணினியில் சேர்த்துத் தரும் முப்பரிமாண வண்ணப்படம் வெறும் கண்காட்சி. எனக்கும் பளபளவென்று ஒன்று தந்தார்கள். வைத்தியர் அதை ஒரு விநாடிகூடப் பார்க்கவில்லை.

ஓய்வுபெற்ற ரேடியோகிராபர்:
பாதி உண்மை. தாளில் அச்சிட்ட வண்ணப்படத்தால் பயனில்லை, அதற்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். திரையில் சுழற்றிப் பார்க்கும்போது நாடி கட்டிக்கு முன்னால் போகிறதா, பின்னால் போகிறதா என்பது தெளிவாகும். ஆனால் கட்டி, சிறுநீரகத்துக்குள்ளேயே சிறுநீர் சேரும் பையை எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பதை வெட்டுப்படங்களில்தான் அளப்பார்கள். 4 சென்ரிமீற்றருக்குள் இருக்கும் கட்டி என்றால், முடிந்தவரை அதை மட்டும் எடுத்துச் சிறுநீரகத்தை வைத்திருக்கவே நிபுணர்கள் விரும்புவார்கள். அந்த முடிவுக்கு இந்த அளவு வேண்டும்.

இன்னொன்று. மாமாவுக்குச் சிங்களம் தெரியுமா? ஊசி மருந்து ஓடும்போது தொண்டை கொதிக்கும், பிறகு சிறுநீர் கழித்துவிட்டது போல இருக்கும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் வயதானவர்கள் திடுக்கிட்டு அசைந்துவிடுவார்கள். மூச்சுப் பிடிக்காமல் விட்டால் சிறுநீரகம் சென்ரிமீற்றர் கணக்கில் மேலும் கீழும் நகரும், நாடிப் படம் கலங்கிவிடும். ‘ஹுஸ்ம கன்ன’ என்று ஒலிபெருக்கியில் கேட்டால் மூச்சை இழுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். வீட்டில் பாயில் படுக்கவைத்து, 15 விநாடி மூச்சைப் பிடித்துப் பழக்குங்கள். நான் வேலை செய்த காலத்தில் கெட்டுப்போன படங்களில் பாதி இதனால்தான்.

வெள்ளவத்தை மருமகன்:
அந்த நிலையத்துக்குப் போய் வந்தேன். ஊசிக்கு முன் ஒரு கட்டம், பின் 90 விநாடியில் ஒரு கட்டம், அவ்வளவுதான் எடுத்தார்களாம். நாடிக் கட்டம் இல்லை. ஆகவே மறுபடி எடுக்கிறோம். இறுவட்டை மட்டும் வாங்கிக்கொண்டேன், அதற்கும் தனியாகக் காசு! கதிர்வீச்சு இரண்டு மடங்காகுமே என்று மாமி இப்போது அடுத்த கேள்வியைத் தொடங்கிவிட்டார்.

ஓய்வுபெற்ற ரேடியோகிராபர்:
ஒவ்வொரு கட்டமும் கதிர்வீச்சைக் கூட்டுவது உண்மைதான். 68 வயதில், சிறுநீரகம் தப்புமா என்ற கேள்விக்கு முன்னால் அது சிறிய கவலை. பழைய இறுவட்டைக் கதிரியக்க வைத்தியரிடம் முதலிலேயே கொடுங்கள். ஊசிக்கு முந்திய கட்டம் அதில் ஏற்கனவே இருப்பதால், அதை மறுபடி எடுக்காமல் விடலாமா என்று அவர் பார்த்துச் சொல்வார்.