தேய்மானச் சோதனைக்குப் பின் எடை கூடுகிறது, அவசர உதவி

தேய்பிறை: பின்-ஆன்-டிஸ்க் சோதனையில் (சிறு உருளையான ‘பின்’னைச் சுழலும் தட்டில் அழுத்தித் தேய்ப்பது) பின்னின் எடை குறைய வேண்டும் அல்லவா? எனக்குக் கூடுகிறது! ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு. கண்ணாடி இழை சேர்த்த பாலிமர். தராசு சரியாகத்தான் இருக்கிறது. நாளை அறிக்கை தர வேண்டும், யாராவது சொல்லுங்களேன்.

இழையோடி: எந்தப் பாலிமர்? எவ்வளவு இழை? சுமை, தூரம், டிஸ்க் என்ன எஃகு? எதுவுமே சொல்லவில்லையே.

துரும்பு: டிஸ்க் மென்மையான எஃகாக இருக்கும். கண்ணாடி இழை அதைச் சுரண்டி, இரும்புத் துகள் பின்னில் பதிந்துவிட்டது. வேறொன்றும் இல்லை.

மூத்தவன்: இங்கே மாதம் ஒருவர் இதையே கேட்கிறார். இந்தச் சோதனைக்கான ஏஎஸ்டிஎம் ஜி99 தரநிலையை ஒருமுறை படித்துவிட்டு வரலாம். எடையிழப்பை அல்ல, கன அளவு இழப்பைத்தான் தர வேண்டும் என்பதாவது தெரியுமா?

தேய்பிறை: நைலான் 66, 30% கண்ணாடி. 20 நியூட்டன், 2000 மீட்டர். முடிந்ததும் அல்ட்ராசோனிக் (மீயொலி) தொட்டியில் கழுவித் துடைத்து எடை போட்டேன்.

இழையோடி: எதில் கழுவினீர்கள்? தண்ணீரிலா?

வெண்படலம்: தண்ணீர் என்றால் விடை அங்கேயே இருக்கிறது. நைலான் ஈரம் குடிக்கும். இழை சேர்க்காத நைலான் 66 நீரில் முழுக்க ஊறினால் 8 சதவீதத்துக்கு மேல் எடை ஏறும். கணக்குப் போடுங்கள். தேய்மான வீதம் 10⁻⁵ கன மி.மீ./நியூட்டன்-மீட்டர் என்றே வைத்தாலும் மொத்தம் 0.4 கன மி.மீ., அதாவது சுமார் 0.55 மில்லிகிராம். 8 மி.மீ. விட்டம், 25 மி.மீ. நீளம் என்றால் பின்னின் எடையே 1.7 கிராம். அதில் 0.1% ஈரம் ஏறினால் 1.7 மில்லிகிராம். தேய்ந்தது எங்கே தெரியப்போகிறது? காற்றின் ஈரமே போதும், கழுவவே வேண்டாம்.

துரும்பு: இரும்பும் இருக்கலாம். டிஸ்க் தடத்தில் செம்பழுப்புப் பொடி இருக்கிறதா பாருங்கள்.

சறுக்கல்: எடையே வேண்டாம். எல்விடிடி (நுண்ணிய இடப்பெயர்ச்சியை அளக்கும் உணரி) காட்டும் உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்தது.

வெண்படலம்: முடியாது. அந்தப் பின் 30 டிகிரி சூடேறினால் இழைத் திசையிலேயே சுமார் 20 மைக்ரான் நீளும். மேலே சொன்ன தேய்மானம் 8 மைக்ரான்தான். வளைவு கீழே போகாமல் மேலே ஏறும்.

சறுக்கல்: அதனால்தான் வளைவு நிலைப்பட்ட பகுதியின் சரிவை மட்டும் எடுக்க வேண்டும் என்கிறேன்.

வெண்படலம்: “வேலை முடிந்தது” என்றுதானே எழுதினீர்கள்?

மூத்தவன்: இருவரும் தனித் திரி தொடங்குங்கள். கார்பன் இழை போட்டிருந்தால் இவ்வளவு வம்பே இல்லை.

இழையோடி: மேட்ரிக்ஸ் (இழையைப் பிடித்திருக்கும் பாலிமர்) நைலான் என்றால் கார்பன் போட்டாலும் ஈரம் குடிக்கத்தான் செய்யும் ஐயா. @தேய்பிறை, சோதனைக்கு முன்னும் பின்னும் வெற்றிட அடுப்பில் 80 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்தி, டெசிகேட்டரில் (ஈரம் புகாத உலர் கலத்தில்) ஆறவிட்டு எடை போடுங்கள். அதே அறையில், அதே கழுவலோடு, தேய்க்காத இன்னொரு பின்னையும் வையுங்கள். இழை பின்னின் முகத்துக்குச் செங்குத்தா, இணையா?

தேய்பிறை: உலர்த்தியபின் எடை குறைந்தது, 0.6 மி.கி. நன்றி எல்லோருக்கும்.

துரும்பு: டிஸ்க் தடம்?

இழையோடி: இழைத் திசை??