மைனர் பின் லைற்: பல்ப் மாற்றிய பிறகு (புதுப்பிப்பு)

எங்கள் 1965 மொறிஸ் மைனர் காரின் பின் லைற் மங்கலாக எரிகிறது, பிரேக்கை மிதித்தால் சிக்னலும் சேர்ந்து சோர்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது நன்றாக எரிகிறது. யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பல்ப் சுலபமாகக் கிடைத்தது. பிரேக்கும் பார்க் லைற்றும் ஒரே பல்ப்தான்: 12 வோல்ட், இரண்டு இழை, 21/5 வாட் (பிரேக்குக்கு 21, பார்க்குக்கு 5). அதன் இரண்டு முள்ளும் வேறுவேறு உயரத்தில் இருக்கும், ஆகவே ஒரு பக்கமாக மட்டும்தான் பூட்டும். இறுகினால் திருப்பிப் பாருங்கள், பலவந்தம் வேண்டாம். சிக்னலுக்கு ஒற்றை இழை 21 வாட்.

ஆனால் புதுப் பல்ப் போட்டும் மங்கல் போகவில்லை. உண்மையான நோய் எர்த், அதாவது கரண்ட் வண்டியின் இரும்பு உடல் வழியாகப் பற்றறிக்குத் திரும்பும் பாதை. வெள்ளவத்தை உப்புக்காற்றில் பல்ப் ஹோல்டரும் அது வண்டியின் உடலோடு (பொடி) சேரும் இடமும் பச்சை பிடித்துக் கிடந்தன. திரும்பிப் போக வழியில்லாத கரண்ட் பக்கத்துப் பல்புக்குள்ளால் போகிறது. அதனால்தான் இரண்டும் சேர்ந்து மங்கும். பற்றறியைக் கழற்றிவிட்டுப் பித்தளை மினுங்கும்வரை தேய்த்து, ஹோல்டரிலிருந்து பொடிக்குத் தனி வயர் போட்டோம். எங்கள் மெக்கானிக் பாஸ் அண்ணைதான் அதை வலியுறுத்தினார், அவர் சொன்னது நூறு வீதம் சரி.

இழை பல்புக்குப் பதிலாக எல்ஈடி போடலாமா என்று கேட்ட தம்பிக்கு: மைனர் பொசிற்றிவ் எர்த் வண்டி (பற்றறியின் பிளஸ் முனைதான் உடலோடு சேரும்), சாதாரண எல்ஈடி எரியாமலே போகலாம். சிக்னலை மினுக்கும் பழைய வெப்ப ஃபிளாஷருக்கு எல்ஈடி இழுக்கும் சின்னக் கரண்ட் போதவும் மாட்டாது. நான் இழை பல்போடேயே நிற்கிறேன். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அந்த வெளிச்சம்தான் அழகு.

முன் சைட் லைற் இரண்டும் அடுத்த வேலை.